நாய் இருந்தால் ஊர் இருக்கும்



வழிப்போக்கர் சிலர் ஊர்பேர் அறியாத ஓரிடத்தில் வந்து நிற்கின்றனர். அவர்களது ஊர்திக்கு எண்ணெய் இல்லை. சற்றுத் தொலைவில் இயந்திரம் ஒன்று ஓடும் ஓசை கேட்கிறது. ஓசை இருந்தால் வீடு இருக்கும், வீடு இருந்தால் பெற்றோல் கிடைக்கும் என்று கருதி இருவர் அங்கே போகின்றனர், திரும்பவில்லை. அவர்களைத் தேடி மற்றொருவன் போகிறான், அவனும் திரும்பவில்லை. அந்த வீட்டில் வாழ்வது ஒரு குடும்பம். வருவோரைக் கொன்று கறியாக்குவது அக்குடும்பத்தின் வழக்கம்.

இது 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி டெக்சாஸ் செயின் சோ மசாக்கர்' என்னும் திரைப்படத்தின் கதை. டோபி ஹூப்பர் என்னும் இளைஞர், பெயர் பெற்ற நடிகர் எவருமின்றி, ஒன்றரை இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில் எடுத்த படம் அது. பிரித்தானியத் தணிக்கையாளர் பல்லாண்டு காலம் அதற்கு அனுமதி மறுத்தனர். அதன்பின் அதே அச்சில் வார்க்கப்பட்ட படங்கள் எண்ணிறந்தன வந்துவிட்டன. மலிவான படங்கள், மிகுதியான இரத்தம் என்று அறிஞர் முகஞ்சுளிப்பர். ஆனால் முதலில் வந்த அந்தப் படத்தில் திரையிலே சிந்தும் இரத்தம் மிகக் குறைவு என்பதே வியப்பு. அச்சத்தின் பெரும்பகுதி பார்ப்பவன் தானாகவே உண்டாக்கிக் கொள்வது.

இவ்விதமான படங்களின் தரத்தை ஆராய்வது என் நோக்கமன்று. இந்தக் கதை அமெரிக்காவுக்குப் புதியதாக இருக்கலாம், நமக்குப் புதியதன்று. நமது புத்தளக் கரையிலே, ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைக்கப்பட்ட கதை இது. எழுதியவர் மகாநாம தேரர், நூல் மகாவம்சம், கதை விசயனும் குவேனியும். பள்ளிக்கூடத்திற் படித்த கதைதானே என்று நேயர்கள் நினைக்கக் கூடும். பள்ளிப் புத்தகத்தில் அதன் பற்களைப் பிடுங்கிவிட்டுத்தான் நமக்குத் தந்தார்கள். மூலத்தில் உள்ளவாறு அதனை இன்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.

விசயனும் அவன் தோழர் 700 பேரும் கப்பலால் இறங்கிக் களைத்துப் போய்க் கரையில் அமர்ந்திருக்கின்றனர். தீவைக் காக்கும்படி நியமிக்கப்பட்ட உற்பலவண்ணன் என்னும் தெய்வம் ஒரு துறவியின் வடிவில் மரத்தடியில் இருக்கிறது. "ஐயா, இஃது என்ன தீவு?" என்று கேட்கின்றனர். "இலங்கைத் தீவு. இங்கே மனிதர் இல்லை; உங்களுக்கு இங்கே அபாயமும் இல்லை" என்கிறார் துறவி. பின்னர்க் கமண்டலத்து நீரைத் தெளித்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு நூலைக் கட்டிவிட்டு மறைந்துவிடுகிறார்.

"இங்கே மனிதர் இல்லை" என்ற அச்சொற்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கணமே ஒரு நாய் வருகிறது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று எண்ணிய ஒருவன், தலைவன் தடுத்தும் கேளாமல், அதன் பின்னே போகிறான். டெக்சாஸ் கதையில் இயந்திரத்தின் ஓசை செய்த வேலையை இங்கே நாய் செய்கிறது. அவன் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு தாமரைக் குளம்; குளத்தருகே மரத்தடியில் தவமூதாட்டி போன்ற ஒருத்தி நூல் நூற்றுக் கொண்டிருக்கிறாள். அவன் குளித்தான், குடித்தான், தாமரைத் தண்டுகளைப் பறித்தான், தோழருக்காகத் தாமரை இலையில் நீரும் எடுத்தான். புறப்படும்போது அவள் சொல்கிறாள்: "நில், நீ எனக்கு இரை." கட்டுண்டவன் போல அவன் நின்றுவிடுகிறான். கையில் நூல் இருந்தமையால் அவளால் அவனைத் தின்ன முடியவில்லை. நூலைக் கழற்றித் தருமாறு கெஞ்சுகிறாள், அவன் தரவில்லை. அலற அலற அவனைத் தூக்கி ஒரு பாதாளக் குழியிலே எறிந்துவிடுகிறாள். அவ்வாறே ஒருவர் பின் ஒருவராக 700 பேரும் குழிக்குள் சேர்ந்தனர்.

இறுதியில் விசயன் வருகிறான். குளத்தைப் பார்க்கிறான். குளத்துக்குப் போன அடிச்சுவடுகள் உள்ளன. வெளியேறிய சுவடு ஒன்றேனும் இல்லை. இந்த ஓர் அடையாளத்தைவிட நடுக்கந் தரும் காட்சியை எந்தத் திரைப்படமும் காட்டிவிடவில்லை என்பது என் கருத்து.

இதே கரைக்கு உரிய மற்றொரு கதை பௌத்த சாதகக் கதைகளிலே இருக்கிறது. அதன் பெயர் வலாகச்ச சாதகம். தம்பபண்ணித் தீவில் சிறீசவத்து என்னும் இயக்கர் நகரம். அங்கே இயக்கப் பெண்கள். கப்பல் உடைந்து கரையேறிய வணிகரைக் கண்டால், இவர்கள் தம்மை அலங்கரித்து, இடுப்பிலே குழந்தையும் கையிலே சோறுமாக எதிர்கொண்டு வருவார்கள். "எங்கள் கணவன்மாரும் கடலிற் போய் மூன்றாண்டாகிறது, இறந்திருப்பார்கள், இனி நீங்களே எங்கள் கணவர்" என்பார்கள். இது மனிதர் வாழும் ஊர்தான் என்று நம்பச் செய்வதற்காக, உழுகின்ற ஆள்களையும் மாடுகளையும் நாய்களையும் ஆங்காங்கே தோற்றுவித்துக் காட்டுவார்களாம். இங்கும் நாய் வந்துவிட்டது! முன்னர்ப் பிடிபட்டவர்கள் வதைக்கூடத்தில் விலங்கிடப்பட்டுக் கிடப்பார்கள். ஒருநாள் இரவு, வணிகர் தலைவனின் மனைவியானவள் எழுந்து போய், அவர்களில் ஒருவரைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து படுக்கிறாள். அவளைத் தழுவிய கணவனுக்கு அவள் உடல் குளிர்ந்திருப்பது தெரிகிறது. அதிலிருந்து அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. 500 வணிகரில் 250 பேர் அவனோடு தப்பிப் போகின்றனர். மற்றை 250 பேர் மனைவியரை விட்டு வர மனமின்றித் தங்கிவிடுகின்றனர்.

இரை கிடையாத காலத்தில் இவ்வியக்கியர் அலைந்து தேடும் எல்லையையும் அக்கதை சொல்கிறது. தெற்கே களனி ஆறு, வடக்கே நாகதீபம். சிலாபமும் புத்தளமும் கற்பிட்டியும் குதிரைமலையும் அந்த எல்லைக்குள் நடுவாக அமைந்தவை.

இத்தகைய கதைகள் இந்தக் கரையிலே ஏன் தங்கின? கற்பிட்டிக்கு வடக்கே கடலில் மணற்றிட்டிகளும் கற்பாறைகளும் ஆழமற்ற நீரும் மிகுதி. சோளகக் காற்றின் காலத்திற் பாய்க்கப்பல் ஒன்று வழிதவறினால் அங்கே தட்டாமல் தப்புவது அரிது. தட்டியவர்களுக்கு முதலில் வேண்டுவது குடிநீர். கரை நெடுகிலும் உப்பு. ஊரின் பெயரே உப்புத்தளம் என்பதிலிருந்து வந்தது என்பர். உள்ளே சென்றால் வில்பத்துக் காடு. அக்காட்டில் மணல் மேடுகளால் சூழப்பட்டு மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குளங்கள் உண்டு. 'வில்லு' என்பது அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர். சில வில்லுகளில் நல்ல நீர், சிலவற்றில் உவர்நீர். யானையும் கரடியும் சிறுத்தையும் நீருண்ண வருவதும் அவ்விடத்துக்கே. ஆகவே இந்நிலத்திற் குளம் என்பது வாழ்வும் சாவும் சந்திக்கும் இடம். குவேனியைக் குளக்கரையில் அமர்த்திய கதாசிரியர், இந்த நிலத்தை அறிந்தவர் வாய்ச்சொல்லைக் கேட்டே அமர்த்தியிருக்க வேண்டும்.

குதிரைமலைப் பகுதியின் மண் செம்பு நிறமானது. இறங்கியவர்களின் கைகள் செம்மண் பட்டுச் சிவந்தமையால் தம்பபண்ணி எனப் பெயர் வந்தது என்று மகாவம்சம் சொல்லும் இடம் இதுவே என்பது நெடுநாளைய மரபு. அறிஞர் எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிபன்று. எனினும் வில்பத்துக் காட்டினுள் இடிந்து கிடக்கும் கல்வேலைகளைக் 'குவேனியின் மாளிகை' என்று காட்டும் மக்களுக்கு அறிஞரின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

கதைக்குத் திரும்புவோம். விசயன் குவேனியின் கழுத்திலே சுருக்கிட்டு, இடக்கையால் கூந்தலைப் பற்றி, வலக்கையால் வாளை ஓங்குகிறான். அவள் உயிர்ப்பிச்சை கேட்கிறாள், சத்தியம் செய்கிறாள், 700 பேரையும் கொண்டுவந்து விடுகிறாள். "இவர்கள் பசித்திருக்கிறார்கள்" என்று விசயன் சொல்ல, அரிசியும் பிற பண்டங்களும் காட்டுகிறாள். அவை முன்னர் அவள் தின்ற வணிகரின் கப்பல்களில் இருந்தவை. அந்த அரிசியைச் சமைத்து அனைவரும் உண்கின்றனர். தமக்கு முன் வந்து மாண்டவர்களின் சோறு அது என்பதை எண்ணி எவனும் கை நடுங்கியதாக நூலில் இல்லை.

அன்றிரவு குவேனி பதினாறு வயதுக் கன்னியாக மாறி விசயனுடன் இருக்கிறாள். தொலைவில் பாட்டும் வாத்தியமும் கேட்கின்றன. "அஃது என்ன ஓசை?" என்று கேட்கிறான். அவள் விடை சொல்கிறாள்: சிறீசவத்து என்னும் இயக்கர் நகரில் கலியாணம், இலங்காபுரத்து இயக்கர் தலைவனின் மகளை மணப்பெண்ணாக அழைத்து வந்திருக்கிறார்கள், பெண்ணின் தாயும் உடன் வந்திருக்கிறாள், ஏழு நாள் கொண்டாட்டம், ஊர் முழுதும் ஓரிடத்தில் கூடியிருக்கிறது, இன்றே அவர்களை அழித்துவிடும், பின்னர் இயலாது. "கண்ணுக்குத் தெரியாத இயக்கரை எப்படிக் கொல்வேன்?" என்கிறான் விசயன். "நான் அவர்கள் நடுவே நின்று குரல் கொடுப்பேன், குரல் வரும் திசையை வெட்டும்" என்கிறாள். அவ்வாறே நடந்தது. கலியாண வீட்டில் இருந்தோர் அனைவரும் வெட்டுண்டனர். பின்பு விசயன் இயக்க அரசனின் உடையைத் தான் உடுத்து, மற்றையோரின் உடைகளைத் தன் தோழருக்குப் பகிர்ந்து கொடுத்தான்.

நேயர்களே, கணக்குப் பார்ப்போம். குழியில் விழுந்த 700 பேரில் ஒருவர்கூடத் தின்னப்படவில்லை. ஒரு கீறலும் இல்லை. அந்த இரவில் மாண்டவர்கள், சாப்பாட்டுக்கும் பாட்டுக்குமாகக் கூடியிருந்த ஒரு கலியாண வீட்டார். கொலைகாரக் குடும்பத்திடம் சிக்கிய வழிப்போக்கரின் கதை என்று நாம் கேட்டு வந்த கதையிலே, கொல்லப்பட்டது குடும்பம், கொன்றவர் வழிப்போக்கர். இதனை நான் வலிந்து கண்டுபிடிக்கவில்லை. மகாநாம தேரர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விசயனை வீரனாகப் போற்ற வந்த நூலாசிரியர், மணப்பெண்ணின் தாய் அங்கே வந்திருந்தாள் என்ற செய்தியை விட்டுவிட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

இப்போது அந்தத் துறவியின் வாக்கை மீண்டும் நினைத்துக்கொள்வோம். "இங்கே மனிதர் இல்லை." இல்லையென்றால் நாய் யாருடையது? நூல் நூற்றவள் எங்கிருந்து பஞ்சு பெற்றாள்? நூற்கத் தெரிந்தவளுக்கு நெய்யவும் தெரிந்திருக்க வேண்டும். இயக்கர் உடையையே விசயன் எடுத்து உடுத்தினான் என்று நூலே சொல்கிறது. நகரம் இருக்கிறது, சம்பந்தம் செய்யும் வேறொரு நகரமும் இருக்கிறது, ஏழு நாள் கலியாணம் நடக்கிறது, மாமியாரும் வருகிறாள். இவ்வளவும் உண்டு, மனிதர் மட்டும் இல்லை! 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து இரண்டாண்டு தங்கிய சீன யாத்திரிகர் பாகியன் கேட்டெழுதியதும் இதுவே. முற்காலத்தில் இத்தீவில் மனிதர் இல்லையாம். பேய்களும் நாகர்களுமே வாழ்ந்தார்களாம். வணிகர் வரும்போது அவர்கள் வெளிப்படாமல், பொருள்களை வைத்து ஒவ்வொன்றின் விலையையும் குறித்து வைப்பார்களாம்; வணிகர் அவ்விலையைக் கொடுத்துப் பொருளை எடுத்துக் கொள்வார்களாம். விலை குறிக்கத் தெரிந்த பேய்களைக் குறித்து அந்தப் பெரியவர் ஐயுறவில்லை.

குவேனியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். விசயனுக்கு அரசியாகப் பாண்டியன் மகள் மாதோட்டத்தில் வந்திறங்கியபோது, அவன் குவேனியிடம், பிள்ளைகள் இருவரையும் விட்டுப் போய்விடும்படி சொல்கிறான். மனிதர் அமானுடரைக் கண்டு அஞ்சுவர் என்பது அவன் சொன்ன காரணம். ஆயிரம் பொன் செலவிட்டு உனக்குப் பலி கொடுப்பேன் என்று ஓர் ஆறுதலும் சொன்னான். அவள் பிள்ளைகளுடன் இலங்காபுரம் போகிறாள். அவர்களை நகருக்கு வெளியே இருத்திவிட்டு உள்ளே நுழைகிறாள். உளவு பார்க்க வந்தவள் என்று கருதிய இயக்கன் ஒருவன் ஒரே அடியில் அவளைக் கொன்றுவிடுகிறான். பிள்ளைகளைத் தாய்மாமன் கண்டு, ஓடித் தப்புங்கள் என்று அனுப்பிவிடுகிறான். இரு பக்கத்தாலும் கைவிடப்பட்ட இப்பெண்ணை 1963இல் ஹென்றி ஜயசேன தம் 'குவேனி' என்னும் சிங்கள நாடகத்தில் மேடையேற்றினார். அதுவரை இரைதேடும் இயக்கியாகவே நினைக்கப்பட்டவள் நியாயம் கேட்பவளாக நின்றாள்.

அமெரிக்கப் படத்திலும் இதை ஒத்த ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கொலைகாரக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மாடறுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். புதிய கருவி வந்ததனால் பழைய தொழிலாளர் வேலையிழந்தார்கள் என்று அவர்களில் ஒருவன் தொடக்கத்திலேயே சொல்கிறான். நகரத்து இளைஞர் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. படம் பார்ப்போரிற் பலரும் அப்படியே. பிழைப்பிழந்த ஒரு குடியை மனிதர் அல்லாதவராக்கிக் காட்டுவது, இயக்கர் கதை போலவே, வழியால் வந்தவனின் பார்வை.

அக்காலத்தில் இக்கரையில் உண்மையில் வாழ்ந்தவர்கள் யார்? அதற்கும் ஓரளவு விடை உண்டு. வில்பத்துக்குள்ளே பொன்பரப்பி என்னும் இடத்தில் முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கின்றன. 1920களிலும் 1950களிலும் 1970ஆம் ஆண்டிலும் அங்கே அகழ்ந்து பார்த்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தவை என மதிக்கப்படும் பெரிய மண்தாழிகள். உள்ளே மனித எலும்புகள். சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள். கூடவே கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், மணிகள், உலோகப் பொருள்கள். தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை ஒப்பிடுவர். ஆதிச்சநல்லூர் இருப்பது தாமிரபரணிக் கரையில். பொன்பரப்பி இருப்பது தம்பபண்ணிக் கரையில். ஒரே பெயர் கடலின் இரு கரையிலும் வழங்குகிறது. இறந்தவரின் எலும்புகளைப் பொறுக்கியெடுத்துக் கலங்களோடு வைத்துப் புதைத்தவர்கள் இவர்கள். தூரத்தில் நின்று பார்க்கும் மாலுமி ஒருவனுக்கு, எலும்புகள் நிறைந்த அந்தச் சாடிகள் என்ன எண்ணத்தை உண்டாக்கியிருக்கும் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. இது வெறும் நினைப்பு. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

தமிழிலும் இக்கதை உண்டு. ஆனால் அது வேறு வழியிற் போகிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன், கைப்பொருள் எல்லாம் இழந்து, வணிகரோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கி, மரநிழலில் தூங்கிவிடுகிறான். நாகர் வந்து பார்க்கின்றனர். தனியே வந்து கிடக்கும் இவ்வுடம்பு நமக்கு நல்ல உணவு என்று எழுப்புகின்றனர். இதுவரை கதை விசயன் கதையேதான். ஆனால் சாதுவனுக்கு நாகரின் மொழி தெரியும். கண்விழித்தவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அவ்வளவில் அவர்கள் கை தாழ்ந்துவிடுகிறது. தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள் காய்ச்சும் பானைகளுக்கும் வெள்ளெலும்புகளுக்கும் நடுவே மனைவியோடு வீற்றிருக்கிறான் தலைவன். விருந்தாளிக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் வேண்டாமென மறுக்கவே, இவை இல்லாமல் வாழ்வில் என்ன இன்பம் என்று வியந்து கேட்கிறான். கேள்வி பிறந்துவிட்டது, உரையாடல் தொடர்கிறது. கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதே என்று சாதுவன் வேண்ட, தலைவன் இசைகிறான். முன்பு அவ்வாறு வந்தவர்களிடமிருந்து எடுத்த சந்தனம், அகில், துணிமணி யாவற்றையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறான்.

குவேனியின் அரிசியும் நாகர் தலைவனின் சந்தனமும் ஒரே வகைப் பொருள்; மாண்ட மாலுமிகளின் உடைமை. ஒன்று வாள்முனையிற் பெறப்பட்டது. மற்றது பேச்சினாற் பெறப்பட்டது. சாத்தனார் அறம் போதிக்க எழுதினார், அதனால் இனிமையாக முடித்தார் என்று சொல்வாருண்டு. இருக்கட்டும். ஆனால் சாதுவனின் அறம் பயன்பட்டது பிற்பாடு. அவன் உயிரை முதலிற் காத்தது மொழி.

நம் கண்முன் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லாமல் விட இயலாது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்களின் சொந்த ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர்ந்தனர். மன்னார்த் தீவினர் பலர் தோணிகளில் ஏறிக் கடல் வழியே வந்து இறங்கியது இதே கற்பிட்டிக் கரையில். பிள்ளைகளும் முதியவர்களும் உடுத்த துணியோடு வந்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்காகத் திறந்தன. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. புத்தளத்து மக்களும் செல்வர் அல்லர். மீனும் உப்பும் தேங்காயும் கொண்டு நாட்கழித்தவர்கள் அவர்கள். நாள் செல்லச் செல்ல நீருக்கும் நிலத்துக்கும் கூலிக்கும் போட்டி வந்தது, மனக்கசப்பும் வந்தது, 'அகதி' என்ற சொல் பல்லாண்டுகள் வந்தவர்களை விட்டு நீங்கவில்லை. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆயினும் கரையில் இறங்கிய முதல் நாளில் அவர்களை எதிர்கொண்டது சோறு.

இனி ஒரு வழிப்போக்கரைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1344ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் இக்கரையருகே வந்தது. அதிலிருந்தவர் மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா. கப்பலோட்டிகள் கரையைக் கண்டதும் அஞ்சினர். இது வணிகர் அச்சமின்றி வந்துபோகும் துறையன்று; ஆரியச் சக்கரவர்த்தியின் நாடு; அவன் கொடியவன்; கடலிற் கொள்ளையிடும் கப்பல்கள் அவனுக்கு உண்டு என்றனர். இறங்கினால் மன்னன், இறங்காவிட்டால் புயல். காற்று மேலும் வலுக்கவே, "என்னைக் கரையில் இறக்குங்கள், உங்களுக்கு அபயம் பெற்றுத் தருகிறேன்" என்றார் பதூதா. கரையில் வினவியவர்களிடம், தாம் மதுரைச் சுல்தானுக்கு மைத்துனன் முறை என்றும், கப்பலில் உள்ளவை அவருக்குக் கொண்டுபோகும் காணிக்கை என்றும் சொன்னார். உறவு உண்மை, காணிக்கை என்றது சமயத்துக்கு ஏற்ற பேச்சு என்று நான் கருதுகிறேன்.

மன்னன் பட்டாளா என்று அவர் எழுதும் புத்தளத்தில் இருந்தான். மரவேலியும் மரக்காவற் கூடங்களும் சூழ்ந்த அழகிய சிற்றூர் என்று அதனை வருணிக்கிறார். கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்தனவாம். கொடியவன் என்று கேள்விப்பட்ட அம்மன்னன் எழுந்து வந்து வரவேற்று, பக்கத்தில் இருத்தி, "உம் தோழர்கள் அஞ்சாமல் இறங்கட்டும், போகும்வரை என் விருந்தாளிகள்" என்றான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கும். மூன்று நாள் பதூதா அங்கே தங்கிப் பிறநாட்டு அரசர்களைப் பற்றியும் ஊர்களைப் பற்றியும் கதை சொன்னார்; மன்னன் ஆவலோடு கேட்டான். ஒருநாள் முத்துக்களைக் குவித்து வைத்துத் தரம் பிரித்துக் கொண்டிருந்தபோது, சிலவற்றை எடுத்துக் கொடுத்து, வேண்டியதைக் கூச்சமின்றிக் கேளும் என்றான். பாவா ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார் பதூதா. மன்னன் பல்லக்கும் சுமைகாரரும் கொடுத்து, வழிதெரிந்த யோகியரையும் பிராமணரையும் துணைகூட்டி, மலைக்கு அனுப்பிவைத்தான்.

புறப்படுமுன் பதூதாவுக்கு ஒரு கவலை. கப்பலையும் கப்பற்றலைவனையும் என்ன செய்வது? தலைவனைக் கேட்டபோது, ஓராண்டு காத்திருக்க நேர்ந்தாலும் உம்மை விட்டுப் போகமாட்டேன் என்றான். மன்னனிடம் சொன்னார். "நீர் திரும்பும்வரை அவன் என் விருந்தாளி" என்றான் மன்னன். பதூதா சிலாபம் வழியாகத் தெற்கே நடந்து, மலையேறித் தரிசித்து, தீவின் தென்கரையைச் சுற்றிக்கொண்டு மீண்டும் புத்தளம் வந்து சேர்ந்தார். கொடியவனின் துறை என்று கரையைக் கண்டு நடுங்கிய கப்பலோட்டிகளின் தலைவன், அங்கே சுகமாக இருந்து, அவர் வரவை எதிர்பார்த்துக் கொண்டிருந்தான்.